பின்னாடி உட்கார்றவங்களுக்காக ஒரு எபிசோடு: பைக்கோட பின் ஷாக்கை வீட்டிலேயே மாத்துறது, செட் பண்றது

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கோம்.)

போன எபிசோடில் செயின் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, பள்ளத்தில் இறங்கினா பின்னாடி டம்முனு அடிக்குது, ஷாக் போயிடுச்சா? நானே மாத்தலாமா?" இன்னைக்கு அதுக்குத்தான் பதில்.

சுருக்கமா முதல்லயே சொல்லிடறேன். உங்க பைக்கில் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாக் இருந்தா, அதாவது ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, கிளாசிக் 350 மாதிரி வண்டின்னா, நிதானமா செஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் முடிக்கக்கூடிய வேலை. நடுவில் ஒரே ஒரு மோனோ ஷாக் இருக்கிற வண்டின்னா கதை வேற. அதுக்குக் கடைசியில் வர்றேன்.

ஸ்பிரிங் ஒரு வேலை, டேம்பர் ஒரு வேலை

நாம ஷாக் அப்சார்பர்னு ஒரே பொருளா சொல்றது உண்மையில் ரெண்டு பொருள். வெளியே தெரியுற ஸ்பிரிங் ஒண்ணு. அதுக்கு உள்ளே இருக்கிற குழாய், அதாவது டேம்பர், இன்னொண்ணு.

ஸ்பிரிங் உங்களைத் தாங்குது. வண்டி எடை, உங்க எடை, பின்னாடி உட்கார்ந்தவங்க எடை எல்லாம் அதுமேலதான். ஆனா அதுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கின சக்தியை எல்லாம் சேர்த்து வெச்சு அப்படியே திருப்பிக் கொடுத்துடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தா, ஒரு பள்ளத்தில் இறங்கினதுக்கு அடுத்த அம்பது அடி வரைக்கும் குதிச்சுக்கிட்டே போவீங்க.

அந்தக் குதியலை அடக்குறதுதான் டேம்பர். உள்ளே எண்ணெய். அதுக்குள்ள சின்னச் சின்ன ஓட்டைகளோட ஒரு பிஸ்டன். ஷாக் அசையும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியா இடிச்சுப் பிடிச்சு போகணும். மெதுவா அமுக்கினா எதிர்ப்பு கம்மி, வேகமா அமுக்கினா எதிர்ப்பு அதிகம். அந்த அசைவுச் சக்தி எல்லாம் சூடா மாறி காத்தில் போயிடும். மோசமான ரோட்டில் ரொம்ப நேரம் ஓட்டிட்டு வந்து டேம்பர் உடம்பைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும்.

இன்னொரு விஷயம். எண்ணெயை விடாம கலக்கினா நுரை வரும். நுரைக்குள்ள பிஸ்டன் போனா எதிர்ப்பே இருக்காது. அதனால பல ஷாக்குகளில் நைட்ரஜனை அழுத்தத்தோட அடைச்சிருப்பாங்க. "கேஸ் ஷாக்"னு கடையில் சொல்றது இதைத்தான். அதனால ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பழைய ஷாக்கை அறுக்காதீங்க, ட்ரில் போடாதீங்க, வெல்டிங் பக்கமே கொண்டு போகாதீங்க. உள்ளே இருக்கிறது அழுத்தத்தில் இருக்கிற வாயுவும் எண்ணெயும். பழைய இரும்புக் கடையில் போடும்போதும் கேஸ் ஷாக்குன்னு சொல்லிட்டுப் போடுங்க.

போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?

எங்க வீட்டுக் கதை ஒண்ணு. அம்மா கொஞ்ச மாசமா என்கூட பைக்கில் வர்றதையே நிறுத்திட்டாங்க. கேட்டா "வயசாயிடுச்சுப்பா, இடுப்பு தாங்கல, நான் ஆட்டோவிலேயே போய்க்கிறேன்"னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான்னு கேட்டுக்கிட்டேன். ஒரு நாள் தம்பியை வண்டி ஓட்டச் சொல்லிட்டு நான் பின்னாடி உட்கார்ந்தேன். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரைக்கும். இறங்கும்போது எனக்கே இடுப்பு விட்டுப்போச்சு.

இதில் ஒரு எளிய மெக்கானிக்ஸ் இருக்கு. ஓட்டுறவர் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்றார். பின்னாடி உட்கார்றவர் கிட்டத்தட்ட பின் அச்சுக்கு நேர் மேல. பின் சக்கரத்தில் வர்ற அடியில் உங்களுக்கு ஒரு பங்குதான் வரும், அவங்களுக்கு முழுசா போய்ச் சேரும். உங்க கால் ஃபுட்ரெஸ்டில் இருக்கு, பள்ளம் கண்ணுக்கு முன்னாடியே தெரியுது, உடம்பு தானா தயாராகிடும். புடவை கட்டி ஒரு பக்கமா உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. அதனால ஷாக் போனது ஓட்டுறவருக்குக் கடைசியாகத்தான் தெரியும். பின்னாடி இருக்கிறவங்க "மெதுவா போ"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்கன்னா அதை ஒரு பக் ரிப்போர்ட்டா எடுத்துக்கோங்க.

சரி, சோதனைகளுக்கு வருவோம்.

ஒண்ணு, எண்ணெய்க் கசிவு. டேம்பர் குழாயிலிருந்து வெளியே வர்ற பளபளப்பான ராடைப் பாருங்க. லேசா தூசி ஒட்டியிருந்தா பரவாயில்லை. ஈரமா, கறுப்பா, எண்ணெய் வழிஞ்ச தடம் இருந்தா சீல் போச்சு.

ரெண்டு, அமுக்கு சோதனை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி நேரா பிடிச்சுக்கிட்டு, சீட்டோட பின்பக்கத்தை உடம்பு எடை போட்டு அமுக்கி விடுங்க. நல்ல ஷாக்னா ஒரே சீராக மேல வந்து நின்னுடும். மேல, கீழ, மறுபடி மேலன்னு ரெண்டு மூணு ஆட்டம் ஆடுச்சுன்னா டேம்பர் வேலை செய்யல.

மூணு, சத்தம். சின்னக் கல்லு மேல ஏறினாலே 'கடக் கடக்'னு வந்தா, ஷாக் நல்லாவே இருக்கலாம், ரெண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் புஷ் மட்டும் தேஞ்சிருக்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஷாக்கைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா அதுதான்.

நாலு, டயர். தேய்மானம் ஒரே சீரா இல்லாம மேடும் பள்ளமுமா இருந்தா ஷாக்கையும் சந்தேகப்படுங்க. சக்கரம் ரோட்டை ஒட்டி ஓடாம குதிச்சு ஓடியிருக்கலாம். குதிக்குற சக்கரத்துக்கு பிரேக்கும் சரியாப் பிடிக்காது. ரோட்டைத் தொடாத டயரால வண்டியை நிறுத்த முடியாது இல்லையா? அதனாலதான் இதை வெறும் சொகுசு விஷயமா நினைக்காதீங்கன்னு சொல்றேன்.

வாங்கும்போது

ஜோடியாத்தான் வாங்கணும். ஒரு பக்கம் மட்டும் லீக் ஆனாலும் ரெண்டையும் மாத்துங்க. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா ரெண்டும் வேற வேற வேகத்தில் வேலை செய்யும், நடுவில் மாட்டிக்கிட்டு முறுக்கப்படுறது ஸ்விங் ஆர்ம்.

அடுத்தது நீளம். மேல் போல்ட் ஓட்டையோட மையத்திலிருந்து கீழ் போல்ட் ஓட்டையோட மையம் வரைக்கும் அளக்கணும். புதுசும் பழசும் அதே அளவில் இருக்கணும். "கொஞ்சம் உசரமா போட்டா வண்டி செமையா நிக்கும் ப்ரோ"ன்னு கடையில் சொல்லுவாங்க. பின்பக்கம் உசந்தா முன் ஃபோர்க் செங்குத்தாகும், ஹேண்டில் படபடன்னு திரும்பும், செயின் கோணம் மாறும், சைடு ஸ்டாண்டு போட்டா வண்டி அந்தப் பக்கமே சாயும். ஒரு லெட்டர் மாத்தினா நாலு மாட்யூல் உடையுற மாதிரி. ஒரிஜினல் அளவிலேயே போங்க.

சென்னைன்னா ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். பழைய கண்ணாடி, பழைய டேங்க் வாங்குங்க, தப்பில்லை. பழைய ஷாக் மட்டும் வேண்டாம். உள்ளே சீல் எத்தனை நாள் தாங்கும்னு வெளியே பார்த்துச் சொல்ல யாராலயும் முடியாது.

தேவையான சாமான்

உங்க போல்ட்டுக்குப் பொருந்துற சாக்கெட் அல்லது ரிங் ஸ்பானர், பல வண்டிகளில் 14 அல்லது 17 மி.மீ. ஒரு ராட்செட். ப்ரீலோடு திருப்ப ஒரு சி ஸ்பானர், வண்டியோட டூல் கிட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். ரப்பர் சுத்தியல். சக்கரத்துக்கு அடியில் வைக்க ரெண்டு மூணு பலகைத் துண்டு. அளவு டேப். முடிஞ்சா டார்க் ரெஞ்ச்.

ஓப்பன் ஸ்பானரைத் தவிர்த்துடுங்க. வருஷக்கணக்கா மழையும் சேறும் பட்ட நட்டு. முனை மழுங்கிட்டா அப்புறம் உங்க ஞாயித்துக்கிழமை அங்கேயே முடிஞ்சுது.

மாத்துற வரிசை

முதல்ல ஒரு போட்டோ எடுங்க. ரெண்டு பக்கமும், கிட்டத்தில். எந்த வாஷர் உள்ளே, எந்த வாஷர் வெளியே, எந்தப் பக்கம் மூடின டோம் நட்டு. இதுதான் உங்க பேக்கப்.

எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும், ஏன்னா வலது பக்கம் சைலன்சர் உங்க முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்க. முன் சக்கரம் உருளாம ஒரு செங்கல் வெச்சுடுங்க.

இப்போ பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அந்தச் சக்கரமும் ஸ்விங் ஆர்மும் ஷாக்கில்தான் தொங்குது. அதனால டயருக்கு அடியில் பலகையை நுழைச்சு, சக்கரத்தோட எடையைப் பலகை தாங்குற அளவுக்கு முட்டுக் கொடுங்க. வண்டியைத் தூக்கக் கூடாது, தாங்கணும், அவ்வளவுதான். இது சரியா இருந்தா போல்ட் கையாலயே வழுக்கிட்டு வரும். போல்ட் வர மாட்டேங்குதுன்னா சுத்தியலைத் தேடாதீங்க, பலகையோட உயரத்தைச் சரி பண்ணுங்க.

பல வண்டிகளில் மேல் போல்ட்டிலேயே பின் கைப்பிடியும், இடது பக்கத்தில் சாரி கார்டும் சேர்ந்து மாட்டியிருக்கும். அதையெல்லாம் முதல்ல தளர்த்தணும். துரு பிடிச்சிருந்தா முந்தின நாள் ராத்திரியே துரு தளர்த்துற ஸ்ப்ரே அடிச்சு விட்டுடுங்க. டயர்லயும் பிரேக் ட்ரம்லயும் டிஸ்க்லயும் படாம துணி போட்டு மூடிட்டு அடிக்கணும்.

இந்த எபிசோடில் ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கப் போகுதுன்னா அது இதுவா இருக்கட்டும்: ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இடது பக்கத்தைக் கழட்டி, புதுசை மாட்டி, நட்டைக் கையால இறுக்கின பிறகுதான் வலது பக்கத்தைத் தொடணும். ஒரு பக்கம் மாட்டியே இருந்தா ஸ்விங் ஆர்ம் அது இருக்கிற இடத்திலேயே நிக்கும். ரெண்டையும் கழட்டிட்டா சக்கரம் கீழ சரியும், நாலு ஓட்டையையும் ஒரே நேரத்தில் நேர் பண்ணத் தனியாளா தவிப்பீங்க.

ஷாக் வெளியே வந்ததும் ஃபிரேமில் இருக்கிற ஸ்டட்டைத் துணியால துடைச்சு, துருவை எமரி பேப்பரால எடுத்து, மேல லேசா கிரீஸ் பூசுங்க. கிரீஸ் இரும்புக்குத்தான். ரப்பர் புஷ்ல பூசினா, சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வெச்சுக் கெடுத்துடும். மரையில் பட்டிருந்தாலும் துடைச்சுடுங்க. சொல்லியிருக்கிற டார்க் அளவு காய்ஞ்ச மரைக்குத்தான்.

புதுசை மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டிலும் ப்ரீலோடு வளையம் கடைசி மெதுவான படியில் இருக்கான்னு பாருங்க. மேல், கீழ் மாத்திப் போடாதீங்க. பல வகை டேம்பர்கள் தலைகீழா மாட்டினா உள்ளே எண்ணெய் இருக்க வேண்டிய இடத்துக்குக் காத்து வந்துடும்.

ரெண்டு பக்கமும் கை இறுக்கத்தில் மாட்டினதும் பலகையை எடுத்துட்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்க. பின் சீட்டைப் பத்துத் தடவை அமுக்கி விடுங்க. கடைசி இறுக்கம் வண்டி சக்கரத்தில் நிக்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினா, ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கிட்டு, ஓட்டும்போதெல்லாம் முறுக்கின மாதிரியே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

எவ்வளவு இறுக்கணும்? உங்க மாடலோட சர்வீஸ் மேனுவலில் நியூட்டன் மீட்டர் கணக்கில் போட்டிருக்கும். அதுதான் இறுதி. அந்த எண்ணுக்கு ஒரு உணர்வு வேணும்னா இப்படி நினைச்சுக்கோங்க: 20 செ.மீ. நீளக் கைப்பிடியோட முனையில் 20 கிலோ அரிசி மூட்டை தொங்கினா சுமார் 39 நியூட்டன் மீட்டர். ஸ்பானர் மேல ஏறி நின்னு மிதிக்கிறது அதைவிடப் பல மடங்கு. ஸ்டட் மரை போயிடும்.

செட் பண்றது: ப்ரீலோடு பத்தின பெரிய குழப்பம்

ஷாக்குக்குக் கீழேயோ மேலேயோ படிக்கட்டு மாதிரி வெட்டின ஒரு வளையம் இருக்கும். பல்சர் 150-ல் 5 படி. 2021-ல் வந்த கிளாசிக் 350-ல் 6 படி. இதைத் திருப்பினா "ஷாக் கெட்டியாகுது"ன்னு எல்லாரும் சொல்றோம். நிஜத்தில் ஸ்பிரிங் கெட்டியாகுறதில்லை.

ஒரு கணக்கு. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ தேவைப்படுற ஸ்பிரிங்னு வெச்சுக்கோங்க. வளையத்தைத் திருப்பி அதை 10 மி.மீ. முன்கூட்டியே அமுக்கி வெக்கிறோம். இப்போ முதல் 20 கிலோ வரைக்கும் அது அசையாது. அதுக்கு மேல? 22 கிலோ வெச்சா 1 மி.மீ., 24 கிலோ வெச்சா 2 மி.மீ. அதே பழைய கணக்குதான். மாறினது ஸ்பிரிங்கோட குணம் இல்லை, அது ஆரம்பிக்கிற இடம். நடைமுறையில் வண்டியோட பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் நிக்குதுங்கிறதை மட்டும்தான் இது மாத்துது.

அந்த உயரம் ஏன் முக்கியம்? சக்கரம் மேல போறதுக்கு மட்டும் இடம் இருந்தா பத்தாது, பள்ளம் வந்தா கீழ இறங்கவும் இடம் வேணும். அதனால நீங்க உட்கார்ந்ததும் மொத்த அசைவில் ஏறக்குறைய 30 சதவீதம் அமுங்கி நிக்கணும்ங்கிறது பொதுவான விதி. இதுக்குப் பேர் சாக். அளக்கிறது சுலபம், டேப்பும் ஒரு நண்பரும் போதும்.

பின் அச்சுக்கு நேர் மேல பாடியில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறி போடுங்க. சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அச்சிலிருந்து குறி வரைக்கும் அளங்க. உதாரணத்துக்கு 560 மி.மீ. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, யாரும் உட்காராம அளங்க: 548. நீங்க ஹெல்மெட், பை எல்லாத்தோடும் உட்கார்ந்து, நண்பர் அளக்கட்டும்: 530. அப்போ உங்க சாக் 560 கழித்தல் 530, அதாவது 30 மி.மீ. பின் சக்கரத்தோட மொத்த அசைவு 100 மி.மீ.ன்னா, சரியா 30 சதவீதம். தனியா ஓட்ட இது பக்கா.

இப்போ பின்னாடி அம்மா உட்கார்றாங்க: 506. சாக் 54. பாதிக்கு மேல இடம் உட்கார்ந்ததிலேயே தீர்ந்து போச்சு, மிச்சம் 46 மி.மீ.தான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஒரு வேகத்தடையோட உயரம் 10 செ.மீ., அதுவும் 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிவா பரந்து இருக்கணும். நம்ம தெருவில் அதே உயரத்தை ஒரு அடி அகலத்தில் செங்குத்தா கட்டி வெச்சிருப்பாங்க. மிச்சம் இருக்கிற 46 மி.மீ. அங்கே போதாது. ஷாக் அடித்தட்டில் போய் மோதும். அந்த 'டம்' நேரா அவங்க முதுகெலும்புக்குத்தான் போகும்.

இங்கேதான் ரெண்டு படி ஏத்தணும். ஏத்திட்டு மறுபடி அளங்க. என் வண்டியில் 54 சுமார் 44 ஆச்சு. "மெதுவான படியில் வெச்சா மெத்து மெத்துன்னு இருக்கும்"ங்கிறது தனியா ஓட்டும்போது சரி. ரெண்டு பேர் போகும்போது அதே படிதான் இடுப்பை உடைக்கும்.

திருப்பும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் இருக்கணும், ஸ்பிரிங் மேல எடை இருக்கக் கூடாது. வளையத்துச் சேறை பழைய டூத் பிரஷால தேய்ச்சுட்டுத் திருப்புங்க. ரெண்டு பக்கமும் ஒரே படி. இதில் மட்டும் சமரசமே கிடையாது.

முடிச்சதும் மூணு செக்

பின் உயரம் மாறினா செயின் தளர்வும் மாறும். அளந்து மேனுவல் அளவுக்குக் கொண்டு வாங்க. ரெண்டாவது, ஹெட்லைட். பின்பக்கம் அமுங்கினா லைட் மேல பார்க்கும், எதிரே வர்றவர் கண்ணில் அடிக்கும். ப்ரீலோடு சரியா வெக்கிறது அவருக்கும் நல்லது. மூணாவது, 100 கிலோமீட்டர் ஓடினதும் நாலு நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்க. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால ஒரு கோடு போட்டு வெச்சா, நட்டு அசைஞ்சா பார்த்ததுமே தெரிஞ்சுடும்.

நீங்க கேட்ட கேள்விகள்

"மோனோ ஷாக் நானே மாத்தலாமா?" அங்கே ஒரே ஷாக், அதைக் கழட்டினா பின்பக்கத்தைத் தாங்க எதுவுமே இல்லை. பேடாக் ஸ்டாண்டு வெச்சாலும் உதவாது, அது தூக்குறதே ஸ்விங் ஆர்மைத்தான். ஃபிரேமைத் தனியா தாங்கிப் பிடிக்க வழி இல்லாத அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் இதைச் செய்யாதீங்க. ப்ரீலோடு மட்டும் நீங்களே செட் பண்ணுங்க, மாத்துறதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுடுங்க.

"எண்ணெய் மட்டும் மாத்தி ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு சொல்றாங்களே?" பிரிச்சு சர்வீஸ் பண்ற மாதிரியே வடிவமைச்ச விலை உயர்ந்த ஷாக்குகள் உண்டு. சாதாரணக் கம்யூட்டர் வண்டியில் வர்றது பெரும்பாலும் சீல் பண்ணினது. அதை வெட்டி, எண்ணெய் ஊத்தி, வெல்டு வெச்சுக் கொடுத்தா வாங்காதீங்க.

"டெலிவரி வேலை பார்க்கிறேன், பின்னாடி பெரிய பை, என்ன படி?" பையை நிரப்பி மாட்டிக்கிட்டு உட்கார்ந்து அளங்க. மத்தவங்க நம்பர் உங்களுக்குப் பொருந்தாது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அந்த சீட்டில் இருக்கிறவர் நீங்க. மத்த எல்லாரையும் விட உங்களுக்குத்தான் இந்த அஞ்சு நிமிஷ அளவு அதிகம் தேவை.

இன்னைக்குச் சாயந்தரம் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பார்க்கிங்குக்குப் போய் சீட்டை ஒரு தடவை அமுக்கி விட்டு, எத்தனை ஆட்டம் ஆடுதுன்னு எண்ணுங்க. ரெண்டு ராடையும் ஒரு விரலால தொட்டு எண்ணெய் ஒட்டுதான்னு பாருங்க. ரெண்டு பக்கமும் வளையம் ஒரே படியில் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. அந்த நம்பரை போனில் குறிச்சு வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் முன்பக்க ஃபோர்க், அதோட ஆயில் சீல். அதுவரைக்கும் பார்த்துப் போங்க மக்களே.